இரண்டு கவுன்சில்களுக்கு நடுவே ஒரு டீடொக்ஸ் கட்டில்

நிகழ்வு ஆய்வு: இங்கிலாந்து, ஒக்டோபர் 2023 முதல் 2025 ஆரம்பம் வரை

லண்டனின் ஒரு கவுன்சிலுக்காக மது, போதைப்பொருள் சிகிச்சைச் சேவை நடத்திய அறக்கட்டளை ஒன்றில் நான் கீ வேர்க்கராக, அதாவது சிகிச்சைக்கு வருபவரைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஊழியராக, இருந்தபோது நடந்தது இது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரை முதலில் பொறுப்பேற்ற கவுன்சிலை முதல் கவுன்சில் என்றும், பிறகு அவர் குடியமர்த்தப்பட்ட இடத்துக் கவுன்சிலை இரண்டாம் கவுன்சில் என்றும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி: காசு வரும் வழி

குடிக்கான சிகிச்சை என்றால் அரச மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் என்றுதான் நம்மவர்கள் பலரும் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் 2013 ஏப்ரல் 1 முதல் அது கவுன்சிலின் பொறுப்பு. 2012ஆம் ஆண்டுச் சுகாதார, சமூகப் பராமரிப்புச் சட்டம் பொதுச் சுகாதாரத்தை என்.எச்.எஸ்ஸிடமிருந்து எடுத்து உள்ளாட்சியிடம் கொடுத்தது. அதுவரை போதைப்பொருள் சிகிச்சைக்கென ஒதுக்கிய பணத்தை மேற்பார்வை செய்து வந்த தேசிய சிகிச்சை முகமையும் அதே நாளில் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு வருவது பொதுச் சுகாதார மானியம் என்ற ஒரே பை. புகைத்தலை நிறுத்த உதவுவது, பாலியல் சுகாதாரம், குழந்தைகளுக்கான தாதியர் சேவை, எங்கள் சேவை எல்லாம் அந்தப் பைக்குள் கைவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பாலியல் சுகாதாரத்தைக் கட்டாயம் நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. மது, போதைச் சிகிச்சைக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அதை மேம்படுத்த வேண்டிய தேவையைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று மானிய நிபந்தனையில் அப்போது ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். மானியம் சுருங்கிய வருடங்களில் எந்தச் சேவையில் முதலில் கத்தி விழுந்தது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

மருத்துவப் பேராசிரியர் டேம் கரோல் பிளாக் 2020இலும் 2021இலும் அரசுக்குக் கொடுத்த அறிக்கைகள் இந்தச் சரிவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. 2021 டிசம்பரில் வந்த போதைப்பொருள் கொள்கை, சிகிச்சைக்கு மூன்று வருடங்களில் 780 மில்லியன் பவுண் கூடுதலாகத் தருவதாக அறிவித்தது. கவுன்சில்கள் தாங்கள் ஏற்கனவே செலவழிக்கும் தொகையைக் குறைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அது மேலதிக மானியமாக வந்தது. முதல் கவுன்சில், மருத்துவ மேற்பார்வையோடு குடியை நிறுத்தும் டீடொக்ஸ் கட்டில்களுக்கான செலவில் ஒரு பகுதியை இந்த மேலதிக மானியத்திலிருந்தே எடுத்தது.

சேவையைக் கவுன்சில் தானே நடத்துவதில்லை. டெண்டர் போட்டு, அறக்கட்டளைக்கோ என்.எச்.எஸ். ட்ரஸ்ட்டுக்கோ சில வருட ஒப்பந்தத்தில் கொடுக்கும். எங்கள் ஒப்பந்தம் முடியவிருந்த நாள் 2024 மார்ச் 31. இந்தத் திகதி பின்னால் திரும்ப வரும்.

முதல் சந்திப்பு: ஆறு பெக்

ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், பிரித்தானியக் குடியுரிமை உண்டு. பெற்றோல் நிலையத்தில் பல வருடம் இரவு வேலை. மனைவி பிரிந்து போய்விட்டார், இவர் ஓர் அறையில் தனியாக இருந்தார். அவருடைய ஜி.பி., அதாவது குடும்ப வைத்தியர், செப்ரெம்பரிலேயே எங்களுக்குக் கடிதம் அனுப்பியிருந்தார். நாங்கள் அவருக்கு அனுப்பிய கடிதம் ஆங்கிலத்தில் போனது, தொலைபேசி அழைப்பு இலக்கம் காட்டாமல் போனது. இரண்டுக்கும் பதில் இல்லை. பிறகு மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் வைத்து ஒரு சக ஊழியர் 20 நிமிடம் பேசி, ஆரம்ப மதிப்பீட்டை எழுதினார்: நாளுக்கு ஆறு பெக் வொட்கா, இரண்டு கான் பியர். கிட்டத்தட்ட 15 யூனிற். (ஒரு யூனிற் என்பது 10 மில்லிலீற்றர் தூய மது.)

ஒக்டோபர் நடுவில் அவருடைய அக்கா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, "அங்க தமிழ் தெரிஞ்ச பிள்ளையள் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்ட பிறகுதான் கோப்பு என் மேசைக்கு வந்தது.

நேரில் வந்தார். சட்டை அயர்ன் பண்ணியிருந்தது, கை நடுங்கியது. நான் கேட்டதற்கும் அதே பதில்தான்: "ஆறு பெக்தான் தம்பி. ஏழாவதை ஒருநாளும் தொடமாட்டன்." பொய் சொல்கிறார் என்று எனக்குப் படவில்லை. தண்ணீர்ப் போத்தலையும் அலுவலகக் கிளாஸையும் அவர் முன்னால் வைத்து, வீட்டில் ஊற்றுகிற மாதிரி ஒரு பெக் ஊற்றிக் காட்டுங்கள் அண்ணை என்றேன். கவனமாக, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினார். அளந்து பார்த்தால் 110 மில்லிலீற்றர்.

மதுக்கடையில் ஊற்றித் தரும் ஒரு பெக் பொதுவாக 25 மில்லிலீற்றர். 37.5 வீத வொட்காவில் அது ஒரு யூனிற்றுக்கும் சற்றுக் குறைவு. அவருடைய பெக்கில் 4 யூனிற்றுக்கு மேல். ஆறு பெக் 25 யூனிற். பியர் கான் 500 மில்லிலீற்றர், 9 வீதம், இரண்டும் சேர்ந்து 9 யூனிற். மொத்தம் 34. எண்ணிக்கையை மொழிபெயர்ப்பாளர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். அளவை யாரும் கேட்கவில்லை.

குடிக்கிறதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று கொடுத்த ஆங்கிலப் படிவத்தை அவர் தொடவே இல்லை. அடுத்த வாரம் நாட்காட்டியில் கிழித்த தாள்களை றப்பர் பாண்ட் போட்டுக் கொண்டுவந்தார். ராகுகாலம், எமகண்டத்துக்குக் கீழே பென்சிலால் கோடுகள். ஏழு தாளிலும் ஆறு கோடு, ஏழு தாளிலும் இரண்டு வட்டம்.

என்ன முடிவு, ஏன்

சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி நாளுக்கு 15 யூனிற்றைத் தாண்டினால் வீட்டிலிருந்தபடியே செய்யும் டீடொக்ஸை யோசிக்கலாம். 30ஐத் தாண்டினாலோ, முன்பு வலிப்பு வந்திருந்தாலோ உள்ளிருப்புச் சிகிச்சையை யோசிக்க வேண்டும். இவர் இரண்டிலும் அடங்கினார். இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் குடிக்க முடியாமல் கிடந்தபோது வலிப்பு வந்து அம்புலன்ஸில் போயிருக்கிறார். சார்புநிலையை அளக்கும் 20 கேள்விப் படிவத்தில் 60க்கு 38 எடுத்தார். 30க்கு மேல் என்றாலே கடுமையான சார்பு. போதாததற்கு, வீட்டில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை.

எங்கள் டொக்டரும் நானும் கட்டில் கேட்பது என்று முடிவெடுத்தோம். அதுவரை குடியைத் திடீரென நிறுத்தக் கூடாது, மெல்ல மெல்லக் குறைக்கலாம், தயமின் (விற்றமின் B1) மாத்திரையை விடக் கூடாது என்று சொன்னேன். உடல் மதுவுக்குப் பழகிவிட்ட ஒருவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை ஒக்டோபரில் இரண்டு தடவை விளக்கினேன். ஒக்டோபரில் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

வீட்டு டீடொக்ஸ் எங்கள் ஒப்பந்தத்துக்குள்ளேயே அடங்கும், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கட்டிலுக்குக் கவுன்சிலின் பனல் கையொப்பமிட வேண்டும். 15க்கும் 34க்கும் உள்ள வித்தியாசம் மருத்துவத்தில் எவ்வளவோ, பணத்திலும் அவ்வளவு. ஆரம்ப மதிப்பீட்டை அப்படியே நம்பியிருந்தால் வலிப்பு வரலாறுள்ள ஒருவரைத் தனி அறையில் மாத்திரையோடு விட்டிருப்போம்.

பனல்

பனல் மாதம் ஒருமுறை கூடும். கவுன்சிலின் சேவைக் கொள்வனவு அதிகாரி, சமூகப் பராமரிப்பு மேலாளர், ஒரு மருத்துவர். நவம்பர்க் கூட்டத்தில் எங்கள் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஆறு ஆயத்தக் குழு வகுப்புகளுக்கு அவர் போயிருக்க வேண்டும் என்பது விதி. வகுப்புகள் ஆங்கிலத்தில். மொழிபெயர்ப்பாளரை ஆறு தடவை அமர்த்தும் செலவும் எங்கள் தலையில்தான். அதற்குப் பதிலாக என்னுடன் தமிழில் ஆறு தனிச் சந்திப்புகளை ஏற்றுக்கொள்ளுமாறு எழுதிக் கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். இதைக் கேட்டிருக்காவிட்டால் தாங்களாகத் தந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

டிசம்பர் 14ஆம் திகதி அனுமதி கிடைத்தது. கட்டில் ஜனவரி 29, திங்கட்கிழமை.

முகவரி மாறியது

இதற்கிடையே வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாகச் சொல்லி, அப்போதைய சட்டப்படி காரணம் காட்டத் தேவையில்லாத செக்‌ஷன் 21 நோட்டீஸ் கொடுத்திருந்தார். இவர் அதை எனக்குக் காட்டியபோது கெடு முடிய மூன்று வாரம்தான் இருந்தது. வலிப்பு வரலாற்றைக் காட்டி, வீடமைப்புப் பிரிவில் அவரை முன்னுரிமைத் தேவையுள்ளவராக ஏற்கச் செய்தோம். ஜனவரி 9ஆம் திகதி தற்காலிக அறை கிடைத்தது. ஆனால் பக்கத்துக் கவுன்சில் எல்லைக்குள், நிலக்கீழ்த் தளத்தில்.

ஒரு கவுன்சில் தன் எல்லைக்கு வெளியே ஒருவரைக் குடியமர்த்தினால் 14 நாளுக்குள் அந்த இடத்துக் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். 1996 வீடமைப்புச் சட்டத்தின் 208ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அறிவித்தார்கள். ஒரு வீடமைப்புப் பிரிவிலிருந்து இன்னொரு வீடமைப்புப் பிரிவுக்குக் கடிதம் போனது. இரண்டு பக்கத்திலும் அதே கட்டடத்தில் இருக்கும் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அது போகவில்லை.

புதிய இடத்தில் புதிய ஜி.பி.யிடம் பதியச் சொன்னார்கள், அவரும் பதிந்தார். டீடொக்ஸ் நிலையம் அனுமதிக்கு முன் விவரம் சரிபார்த்தபோது புதிய அஞ்சல் குறியீடு வெளியே வந்தது. ஜனவரி 19, வெள்ளிக்கிழமை, பனலின் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. எங்கள் எல்லைக்குள் வசிப்பவருக்குத்தான் எங்கள் காசு என்றது முதல் கவுன்சில். நீங்கள் கொண்டுவந்து விட்ட ஆள், உங்கள் பொறுப்பு என்றது இரண்டாம் கவுன்சில். எங்களிடம் வந்தாலும் மதிப்பீடு முதலிலிருந்து தொடங்கும், முதல் சந்திப்பு பெப்ரவரி 13 என்றும் சேர்த்துச் சொன்னது. வீடமைப்புக் கடமை மட்டும் முழுக்க முதல் கவுன்சிலிடமே இருந்தது. ஒரே மனிதர், தூங்குவதற்கு ஒரு கவுன்சிலின் ஆள், குடியை விடுவதற்கு எந்தக் கவுன்சிலின் ஆளும் இல்லை.

2014 பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வரும் சமூகப் பராமரிப்பில் இப்படிப் பிணக்கு வந்தால், அது தீரும் வரை ஆளைத் தவிக்க விடக் கூடாது என்ற விதி இருக்கிறது. இந்தக் கட்டில் பொதுச் சுகாதாரப் பணத்தில் வாங்கியது. அதே நியாயத்தை இங்கும் பின்பற்றலாமே என்று அந்த வாரம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 28

அனுமதி தள்ளிப்போடப்பட்டதாக அலுவலக முறைமையிலிருந்து அவருக்கு ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி போனது. நான் 19ஆம் திகதியும் 22ஆம் திகதியும் தொலைபேசி எடுத்தேன். கிடைக்கவில்லை. குரல் செய்தி விட்டேன். நிலக்கீழ் அறையில் சிக்னல் இல்லை என்பது பிறகுதான் தெரியும். நேரில் போகவில்லை. அது எல்லைக்கு வெளியே, அந்த வாரம் என்னிடம் 50க்கு மேற்பட்ட கோப்புகள். இது காரணம்தான், நியாயம் இல்லை.

குறுஞ்செய்தியில் அவருக்குப் புரிந்தது 29 என்ற திகதியும் அனுமதி என்ற சொல்லும். வெள்ளி இரவோடு குடியை நிறுத்தினார். ஞாயிறு காலை, 28ஆம் திகதி, பஸ் தரிப்பிடத்தில் வலிப்பு வந்து விழுந்தார். கையில் உடுப்புப் பை இருந்தது. ஒரு நாள் முந்தியே போய் அக்கா வீட்டில் தங்கி, மறுநாள் காலை அங்கிருந்து போவது அவர் திட்டம்.

ஏன் நிறுத்தினீர்கள் அண்ணை என்று பிறகு கேட்டேன். "வெறியோட போய் அந்தக் கட்டிலில படுக்கிறதே? என்ன நினைப்பினம் தம்பி?" என்றார்.

வைத்தியசாலையில் ஐந்து நாள் வைத்து, குடியை நிறுத்தும்போது வலிப்பு வராமல் தடுக்கும் குளோர்டயசெப்பொக்சைட் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தார்கள். அதாவது, எந்த டீடொக்ஸுக்கு யார் காசு கொடுப்பது என்று இரண்டு கவுன்சில்களும் வாதாடினவோ, அதை என்.எச்.எஸ். தன் செலவில், தயாரிப்பில்லாமல், அம்புலன்ஸோடு சேர்த்துச் செய்து முடித்தது. பெப்ரவரி 2, வெள்ளி மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடிதம் புதிய ஜி.பி.க்குப் போனது, எங்களுக்கு வரவில்லை. 8ஆம் திகதி நான் நேரில் போனபோது மீண்டும் குடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த வலிப்பின் அபாயம் கூடுகிறது. ஆகவே ஜனவரியில் இருந்ததைவிட மோசமான இடத்தில் நின்றோம்.

பெப்ரவரி கூட்டம்

நடந்ததைத் திகதி வாரியாக ஒரே பக்கத்தில் எழுதினேன். குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை, திகதியும் யார் என்ன சொன்னார்கள் என்பதும் மட்டும். அந்தப் பக்கம்தான் வேலை செய்தது என்று இன்றும் நம்புகிறேன். பெப்ரவரி 21ஆம் திகதி இரண்டு கவுன்சில்களின் அதிகாரிகளும், வைத்தியசாலையின் மதுப் பராமரிப்புத் தாதியும், என் மேலாளரும் வீடியோவில் கூடினார்கள். 40 நிமிடத்தில் முடிந்தது.

ஏற்கனவே அனுமதித்ததும் அவரை வெளியே அனுப்பியதும் முதல் கவுன்சில் என்பதால் கட்டிலுக்கு அதுவே காசு கொடுக்கும். டீடொக்ஸ் முடிந்த நாளிலிருந்து மருந்தும் தொடர் பராமரிப்பும் இரண்டாம் கவுன்சிலின் சேவை. கைமாற்றம் நேரில், நானும் புதிய கீ வேர்க்கரும் அவரும் ஒரே மேசையில். மறுநாள் வந்த உறுதி மின்னஞ்சலின் கடைசி வரி: இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது.

மார்ச் 31க்கு முன்

அடுத்த பனல் ஏப்ரலில்தான் என்றார்கள். பிறகு மார்ச் முதல் வாரத்தில் திடீரென்று தொலைபேசி. மேலதிக மானியத்தில் கொஞ்சம் மீந்திருக்கிறது, நிதியாண்டு முடியுமுன் செலவழித்தாக வேண்டும், வேறொருவர் கட்டிலை இரத்துச் செய்துவிட்டார், 18ஆம் திகதி வருவாரா? ஜனவரியில் கையை விரித்துக் காட்டிய பை மார்ச்சில் தானாகத் திறந்தது. இந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்கு இது புதினமில்லை.

இந்த முறை ஒவ்வொரு நாளும் பேசினேன். நிறுத்த வேண்டாம், குடித்தபடியே வாருங்கள், அங்கே அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். 18ஆம் திகதி காலை நானே கூட்டிக்கொண்டு போனேன்.

பத்து நாள். வீட்டுக்கு விடும் நாள் மார்ச் 28, வியாழன். மறுநாள் பெரிய வெள்ளி, பிறகு ஈஸ்ரர், ஏப்ரல் 1 திங்கள் வங்கி விடுமுறை. அந்தத் திங்களன்றுதான் எங்கள் ஒப்பந்தம் முடிந்து புதிய நிறுவனம் சேவையை ஏற்கிறது. ஊழியர்கள் நாங்கள் சட்டப்படி புதிய நிறுவனத்துக்கு மாறுகிறோம், கணினி முறைமையும் மாறுகிறது. டீடொக்ஸிலிருந்து வெளியே வரும் ஒருவருக்கு மிக ஆபத்தான நான்கு நாட்களில் இரண்டு எல்லையிலும் கதவு பூட்டியிருக்கும்.

ஏப்ரல் 2 வரை அங்கேயே வைத்திருக்கக் கேட்டோம். ஏப்ரல் 1 அடுத்த நிதியாண்டு, அதற்கு அனுமதி இல்லை என்றார்கள். ஆகவே அக்கா வீடு. அவர் வருமுன் வீட்டிலிருந்த போத்தல்களையெல்லாம் அத்தான் அயல் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். குடி நாட்டத்தைக் குறைக்கும் அகம்ப்ரொசேற் நான்கு வாரத்துக்குக் கையில் கொடுக்கச் செய்தோம். அவசரத்துக்கு அழைக்கும் இலக்கங்களைத் தமிழில் எழுதி அக்காவின் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

பின்னர் நடந்தது

ஏப்ரல் 3ஆம் திகதி கைமாற்றம் நடந்தது. என் புதிய மேலாளருக்கு அவர் யாரென்றே தெரியாது. ஒரேயொரு சந்திப்புக்கு மட்டும் போய்வர விட்டார். ஐந்து மாதம் குடிக்கவில்லை. ஓகஸ்டில் ஒன்பது நாள் சறுக்கினார். பத்தாம் நாள் தானாகவே சேவைக்குப் போய்ச் சொன்னார். அளவு குறைவாகவும் நாட்கள் சிலவாகவும் இருந்ததால் கட்டில் தேவைப்படவில்லை. 2025 ஆரம்பத்தில் நான் கடைசியாக விசாரித்தபோது குடியில்லாமல் இருந்தார். இருந்தது அதே நிலக்கீழ் அறையில்.

புள்ளிவிபரத்தில் இந்தக் கதை அழகாக இருக்கும். தேசியப் பதிவு முறைமையில், ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு 21 நாளுக்குள் போய்ச் சேர்ந்தால் சிகிச்சை தொடர்ந்ததாகவே கணக்கு. எங்கள் பக்கம் அவர் வேறு சேவைக்கு மாற்றப்பட்டவர், அவர்கள் பக்கம் வந்து சேர்ந்தவர். பஸ் தரிப்பிடம் இரண்டு பக்கத்துக் கணக்கிலும் இல்லை.

இன்று வேறாகச் செய்வது

என் கைக்குள் இருந்தவற்றை முதலில் சொல்ல வேண்டும். இப்போது மதிப்பீட்டில் எல்லோரையும் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்கிறேன், ஆங்கிலம் பேசுபவர்களையும்தான். 110 மில்லிலீற்றர் பெக் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. கட்டில் திகதி தெரிந்த நாளிலிருந்து நிறுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையை வாரம் ஒருமுறை திரும்பச் சொல்கிறேன், மூன்று மாதத்துக்கு முன் சொன்னதை நம்பியிருப்பதில்லை. திகதி மாறினால் குறுஞ்செய்தியோடு விடுவதில்லை. பேச முடியாவிட்டால் யாராவது நேரில் போக வேண்டும், எல்லை எங்கே முடிந்தாலும். ஒவ்வொரு திட்டத்தின் முதல் பக்கத்திலும் ஒப்பந்தம் முடியும் நாளையும் நிதியாண்டு முடியும் நாளையும் எழுதிவைக்கிறேன்.

கவுன்சில்களின் கையில் உள்ளவை வேறு. அனுமதி கொடுத்த நாளில் எந்த முகவரியோ, அந்தக் கவுன்சிலே கட்டிலின் செலவைக் கடைசி வரை ஏற்பது என்று அயல் கவுன்சில்கள் தங்களுக்குள் எழுதிவைத்தால் ஜனவரி 19 நடந்திருக்காது. 208ஆம் பிரிவு அறிவித்தலின் பிரதியை, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, சிகிச்சைச் சேவைக்கும் அனுப்புவதற்குச் செலவு எதுவும் இல்லை. டெண்டர் விஷயத்தில் 2024 ஜனவரி 1 முதல் புதிய கொள்வனவு முறை நடைமுறையில் இருக்கிறது. நன்றாக நடக்கும் சேவையைப் போட்டியில்லாமலே தொடர அது சில நிபந்தனைகளோடு இடம் கொடுக்கிறது. எங்கள் டெண்டர் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

இரண்டாம் கவுன்சிலின் பதிவுப் படிவத்தில் இப்போது ஒரு புதிய கட்டம் இருக்கிறது: வேறு கவுன்சிலால் இங்கே குடியமர்த்தப்பட்டவரா? அண்மையில் அங்கிருந்து எனக்கு வந்த மூன்று படிவங்களிலும் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. மூன்றையும் நிரப்பித் தருமாறு திருப்பி அனுப்பினேன்.